பழைய ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் ஜூம் பழுது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

"ஜூம் வேலை செய்யவில்லை" என்ற ஒரே புகாருக்குள் பல பழுதுகள் இருக்கின்றன. குமிழ் இறுகிக் கிடப்பது வேறு. குமிழ் சுழன்றும் படம் பெரிதாகாதது வேறு. பெரிதாகும்போது மங்குவது வேறு. இரு கண்களிலும் படம் பிரிந்து தெரிவது வேறு. இவற்றில் பலவற்றுக்கு மைக்ரோஸ்கோப்பின் தலையைத் திறக்கவே தேவையில்லை. ஆனாலும் எடுத்த எடுப்பில் திருப்புளியோடு உட்காருபவர்களே அதிகம். உள்ளே முப்பட்டகத்தைப் பிடித்திருக்கும் திருகைத் தெரியாமல் தளர்த்திவிட்டால், கிரீஸ் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை ஒளியியல் சீரமைப்பாக வளர்ந்துவிடும். எனவே முதலில் அறிகுறி, பிறகுதான் திருப்புளி.

இங்கே சொல்லப்போவது கிரீனோ வகைக் கருவிகளைப் பற்றியது. இவற்றில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி ஒளிக்குழல் உண்டு. இரண்டும் சற்றே சாய்ந்து ஒரே புள்ளியைப் பார்க்கின்றன. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருந்த பாஷ் அண்ட் லோம் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த ஸ்டீரியோஜூம் வரிசை இந்த வகைதான். அதில் பெருவழக்கானது ஸ்டீரியோஜூம் 4. அதன் ஜூம் 0.7 முதல் 3 வரை செல்லும். 10 மடங்கு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 7 முதல் 30 மடங்கு. ஒலிம்பஸ், நிகான் நிறுவனங்களின் பழைய ஜூம் தலைகள் பலவற்றுக்கும் இங்குள்ள பெரும்பகுதி பொருந்தும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு குழலிலும் இரண்டு லென்ஸ் தொகுதிகள் மெல்லிய எஃகுத் தண்டுகளின் மேல் வழுக்கி நகர்கின்றன. ஒரு தொகுதி உருப்பெருக்கத்தை மாற்றுகிறது. மற்றொன்று அந்த மாற்றத்தால் குவியம் விலகாதபடி ஈடுகட்டிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு சிறு முளை நீண்டு, கேம் உருளையில் வெட்டப்பட்ட வளைந்த பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். குமிழைத் திருப்பினால் கேம் சுழலும்; பள்ளத்தின் வளைவுக்கேற்ப முளை ஏறி இறங்கும். இரு குழல்களுக்குமாக நான்கு தொகுதிகள் ஒருங்கே நகர வேண்டும். நான்கில் எது பின்தங்கினாலும் அதற்கென்று ஓர் அறிகுறி உண்டு.

திறப்பதற்கு முன்

முதலில், உங்களிடம் இருப்பது ஜூம்தானா என்று பாருங்கள். வில்ட் எம்5, சோவியத் நாட்டின் எம்பிஎஸ்-10 போன்றவற்றில் இருப்பது ஜூம் அல்ல. சுழலும் உருளைக்குள் பதித்த லென்ஸ்கள். எம்5-இல் 6, 12, 25, 50, எம்பிஎஸ்-10-இல் 0.6, 1, 2, 4, 7 என்று படிப்படியாகத்தான் மாறும். இரண்டு படிகளுக்கு நடுவே படம் இருண்டுபோவது அவற்றின் இயல்பு, பழுதல்ல.

இரண்டாவது, ஐபீஸ்களை இடம் மாற்றுங்கள். வலப்புறத்தில் தெரிந்த கோளாறு ஐபீஸோடு சேர்ந்து இடப்புறம் போய்விட்டால் குற்றம் ஐபீஸில்தான். பழைய கருவிகளில் ஒன்று 10 மடங்கு, மற்றொன்று வேறொரு தயாரிப்பின் 10 மடங்கு என்று ஜோடி மாறிக் கிடப்பது சகஜம். இரு கண்களிலும் படத்தின் அளவு வேறுபடுவதற்கு இதுவே போதும்.

மூன்றாவது, அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள ஓர் எஃகு அளவுகோலை மேடையில் வையுங்கள். ஒரு கண்ணை மூடி, வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். மறு கண்ணுக்கும் அப்படியே. ஜூமின் கீழ் எல்லை, நடு, மேல் எல்லை மூன்றிலும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபீஸின் புல எண் (அதில் தெரியும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) 20 என்றால், 0.7-இல் ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டரும் 3-இல் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டரும் தெரிய வேண்டும். புல எண் பொறிக்கப்படவில்லை என்றாலும் கவலை வேண்டாம். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்குமான விகிதம் 4.3 வந்தால் ஸ்டீரியோஜூம் 4-இன் கேம் முழுத் தூரமும் ஓடுகிறது என்று பொருள். இந்தச் சிறு அட்டவணைதான் இனி வரும் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

குமிழ் இறுகிக் கிடக்கிறது, அல்லது திருப்பவே முடியவில்லை

பழைய கருவிகளில் மிகுதியாகக் காணப்படும் பழுது இதுதான். காரணம் பெரும்பாலும் கிரீஸ். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு சோப்பு. பல்லாண்டுகளில் எண்ணெய் பிரிந்து வழிந்துபோகிறது, எஞ்சியது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மெழுகாக இறுகுகிறது.

பலத்தைப் பிரயோகிக்காதீர்கள். விரலால் திருப்ப முடியாததைக் கொறடால் திருப்பினால், உடைவது கிரீஸ் அல்ல. முளையோ பிளாஸ்டிக் பல்சக்கரமோதான். முதலில் குமிழின் எதிர்ப்பைக் கவனியுங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இடம் கொடுத்தால் அது கிரீஸ். எப்போதும் ஒரே இடத்தில் டக்கென்று முட்டி நின்றால் பள்ளத்துக்குள் ஏதோ கிடக்கிறது அல்லது முளை வளைந்திருக்கிறது. சற்றுத் திரும்பி, விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளி வந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பாகம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடனே கையை எடுங்கள், அடுத்த திருகலில் அது உடையும்.

கிரீஸ்தானா என்று உறுதிசெய்ய ஹேர் டிரையர் போதும். குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, உலோகம் கைக்கு இதமான சூடாகும்வரை காட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஒட்டு லென்ஸ்களின் (இரண்டைப் பசையால் ஒன்றாக்கியவை) பசை சூட்டை விரும்பாது. சூட்டில் குமிழ் இளகினால் நோய் உறுதி. ஆனால் அது குணமாகிவிடவில்லை. ஆறியதும் மறுபடி இறுகும். தலையைத் திறந்து துடைத்தாக வேண்டும்.

குமிழின் இடுக்கில் துருநீக்கி எண்ணெயைப் பீய்ச்சுவது மட்டும் கூடவே கூடாது. அன்று மாலை குமிழ் அருமையாகச் சுழலும். ஆனால் அந்த மெல்லிய எண்ணெய் பழைய கிரீஸையும் கரைத்துக்கொண்டு தண்டுகளின் வழியே ஊர்ந்து லென்ஸின் மேல் படலமாகப் படியும். பிறகு ஒரு வேலை இரண்டாகும்.

திறக்கும்போது ஜூமைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சேர்க்கும்போது தொடங்க வேண்டிய இடம் அதுவே. அமெரிக்கக் கருவி என்றால் குமிழைப் பிடித்திருக்கும் தலையில்லாத் திருகுக்கு அங்குல அளவு ஆலன் சாவிதான் பொருந்தும். 1/16 அங்குலம் என்பது 1.59 மில்லிமீட்டர், அதற்குள் 1.5 மில்லிமீட்டர் சாவி தளர்வாக நுழைந்து, அறுகோணத்தை வட்டமாக்கிவிட்டு வெளியே வரும். 0.050 அங்குலம், 1/16, 5/64 ஆகிய மூன்று சாவிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மூடியைக் கழற்றியதும் நாலாபுறமும் புகைப்படம் எடுங்கள். கேம் உருளைக்கும் அதன் தாங்கிக்கும் குறுக்கே ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். தொகுதிகளுக்கு இடையே சுருள்வில் இருந்தால், எந்தக் கொக்கி எந்தத் துளையில் என்று வரைந்துகொள்ளுங்கள். சிவப்பு அரக்கு பூசி முத்திரையிட்ட திருகுகள் தென்படும். அவை தொழிற்சாலையில் ஒளியியல் கருவிகளின் உதவியோடு நிறுத்தப்பட்டவை. அவற்றைத் தொடாதீர்கள்.

பித்தளைக் கேமின் பள்ளத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய கிரீஸ் பல இடங்களில் பச்சையாக இருக்கும். கிரீஸிலுள்ள கொழுப்பு அமிலம் பித்தளையின் செம்பைத் தின்று உண்டாக்கிய செம்புச் சோப்பு அது. முளை அடிக்கடி ஓடிய பகுதியில் பள்ளத்தின் சுவர் பளிச்சென்றும், இரு கோடிகளிலும் பச்சை மெழுகு மேடிட்டும் இருக்கும். ஜூம் நடுவில் ஓடி எல்லைகளில் மட்டும் முட்டுவது இதனால்தான்.

இதை எஃகு ஊசியால் சுரண்டக் கூடாது. பள்ளத்தின் சுவரில் விழும் ஒவ்வொரு கீறலும் நாளை படத்தில் ஒரு துள்ளலாகத் தெரியும். மூங்கில் பல்குச்சியின் முனையைச் சீவி, அதனால் தள்ளி எடுங்கள். பிறகு லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்துவிட்டுத் துடையுங்கள். பள்ளம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால் கரைசல் லென்ஸின் பக்கம் ஓடாது. லென்ஸ் வளையத்தின் விளிம்பில் இறங்கும் ஒரு துளி, பிறகு வெளிவருவதற்குப் படாதபாடு படுத்தும். சைலீன் ஒட்டு லென்ஸின் பசையைக் கரைக்கும், அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் தின்னும், இரண்டும் வேண்டாம். பச்சைக் கறையின் கடைசி எச்சத்துக்கு, செல்போன் பழுதுபார்க்கும் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் உதவும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பெட்ரோல் முழுவதும் ஆவியாகும்வரை ஹேர் டிரையரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

புதுக் கிரீஸ் போடுவதில்தான் பலரும் தாராளம் காட்டுகிறார்கள். தண்டுகளுக்கு ஏறக்குறைய எதுவுமே தேவையில்லை. செயற்கை எண்ணெய் ஒரு துளியை எடுத்துப் பூசி, பிறகு துணியால் துடைத்துவிட்டால் எஞ்சும் படலமே போதும். கேம் பள்ளத்துக்கு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத இலேசான செயற்கைக் கிரீஸ், சுவரில் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும். நையோஜெல் 767ஏ போன்ற கெட்டியான, அசைவை மெதுவாக்கும் தணிப்புக் கிரீஸுக்கு உரிய இடம் குமிழின் தண்டு. அதைப் பள்ளத்தில் அடைத்தால் லென்ஸ் தொகுதிகள் மந்தமாகிவிடும். வாகனத்துக்குப் போடும் கிரீஸில் எண்ணெய் பிரியும். சிலிகோன் கிரீஸ் ஊர்ந்து ஊர்ந்து கண்ணாடியை அடையும். இரண்டுக்கும் இங்கே வேலையில்லை. பூசி முடித்ததும் ஜூமை இரு எல்லைகளுக்கும் பலமுறை ஓட்டி, பள்ளத்தின் கோடிகளில் ஒதுங்கும் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

ஜூம் செய்யும்போது படம் மங்குகிறது

உடனே கேமைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் ஐபீஸின் டயாப்டர் வளையத்தை (ஒவ்வொரு கண்ணின் பார்வைக்கும் ஏற்பக் கூர்மையைச் சரிசெய்யும் வளையம்) சரியாக வைக்காததுதான் காரணம்.

ஜூமை மேல் எல்லைக்குக் கொண்டுபோய், அளவுகோலின் கோட்டில் பிரதான குவியக் குமிழால் கூர்மைப்படுத்துங்கள். பிறகு கீழ் எல்லைக்கு வந்து, குவியக் குமிழைத் தொடாமல், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி, டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மைப்படுத்துங்கள். மறுபடி மேலே போய்ச் சரிபாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் நிலைத்துவிடும். வரிசை முக்கியம். மேல் எல்லையில் பொருளின் பக்கத்துக் குவிய ஆழம் மிகக் குறைவு. பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பது அங்கேதான் துல்லியமாகத் தெரியும். கீழ் எல்லையில் நிலைமை தலைகீழ். அங்கே ஐபீஸின் பக்கத்துப் பிழைதான் பளிச்சென்று தெரியும். ஓர் ஐபீஸுக்குத்தான் டயாப்டர் வசதி இருக்கிறது என்றால், அந்த வசதி இல்லாத கண்ணால் முதலில் குவியுங்கள்.

அப்படியும் மங்கினால் தாங்கியைப் பாருங்கள். தலையை ஏற்றி இறக்கும் குவியப் பற்சட்டத்தின் பிடிமானம் தளர்ந்திருந்தால், ஜூம் குமிழைத் தொடும் அழுத்தத்திலேயே தலை இறங்கிவிடும். மேல் எல்லையில் குவித்துவிட்டு ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். தானாகவே மங்கினால் ஜூமுக்கு இதில் சம்பந்தமில்லை. பற்சட்டத்தின் இறுக்கத்தைக் கூட்டினால் போதும்.

இரண்டும் சரியாக இருந்தும் பழுது நீடித்தால் எந்த இடத்தில் மங்குகிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். ஒரு கண்ணில் மட்டும் மங்கினால் அந்தக் குழலின் தொகுதியில் கோளாறு. இரு எல்லைகளிலும் கூர்மையாக இருந்து நடுவில் மட்டும் மங்கினால், முளை தேய்ந்து பள்ளத்துக்குள் ஆடுகிறது அல்லது அதை ஒருபுறமாக அழுத்தும் சுருள்வில் சோர்ந்துவிட்டது. ஜூமை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒரே எண்ணில் நிறுத்திப் பாருங்கள். ஒரு திசையில் கூர்மை, மறு திசையில் மங்கல் என்றால் ஆட்டம் இருப்பது நிச்சயம்.

குமிழ் சுழல்கிறது, படம் மாறவில்லை

குமிழின் தலையில்லாத் திருகை இறுக்கிப் பாருங்கள். பல நேரங்களில் கதை அதோடு முடிந்துவிடும். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால், அதே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திருகுகள் இருக்கக்கூடும். மேலே உள்ளது வெறும் பூட்டு. அதை வெளியே எடுத்துவிட்டு உள்ளிருப்பதை இறுக்க வேண்டும். தண்டில் தட்டையான முகம் இருந்தால் திருகு அதன்மேல்தான் உட்கார வேண்டும். அளவுகோல் அட்டவணையும் குமிழின் எண்களும் பொருந்தாமல் போவது இந்தத் திருகு நழுவியதால்தான்.

பல்சக்கரம் உள்ள மாதிரிகளில் அடுத்த சந்தேகம் பிளாஸ்டிக் சக்கரத்தின் மேல். உலோகத் தண்டின்மேல் அழுத்திச் செருகிய நைலான் சக்கரம் ஆண்டுக்கணக்கான இழுவிசையில் மையத்திலிருந்து வெடிக்கும். விரிசல் எப்போதும் இரு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்கு வந்துசேரும், ஏனெனில் அங்கேதான் சதை குறைவு. சூப்பர் பசையோ எப்பாக்சியோ நைலானிலும் அசிட்டால் பிளாஸ்டிக்கிலும் நிலைக்காது. சக்கரத்தின் கழுத்துப் பகுதியில் இறுக்கமான ஒரு பித்தளை வளையத்தைச் செருகினால் விரிசல் மூடிப் பிடித்துக்கொள்ளும்.

புதிதாகச் செய்யக் கொடுப்பதானால் பற்களை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, விட்டத்தை அதால் வகுத்தால் மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) கிடைக்கும். 30 பற்கள், 16 மில்லிமீட்டர் என்றால் 0.5. அமெரிக்கக் கருவியில் விட்டம் 16.9 வந்தால் அது அளவுப் பிழை என்று எண்ணி 0.5 மாட்யூல் சக்கரத்தை வெட்டச் சொல்லிவிடாதீர்கள். அது அங்குல முறையில் 48 பிட்ச், அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு 48 பற்கள். மாட்யூலில் சொன்னால் 0.529. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் சேர்ந்து ஓடாது.

ஒரு கண்ணில் மட்டும் படம் பெரிதாகிறது

ஒரு குழலின் தொகுதி கூட வரவில்லை. குமிழை எந்தத் திசையில் திருப்பினாலும் அது அசையவில்லை என்றால் முளை பள்ளத்தைவிட்டு வெளியே வந்திருக்கிறது அல்லது ஒடிந்திருக்கிறது. ஒரு திசையில் சரியாக வந்து மறு திசையில் மட்டும் பின்தங்கினால், அதை இழுக்கும் சுருள்வில்லை ஒட்டும் கிரீஸ் வென்றுவிட்டது. தண்டைத் துடைத்தாலே சரியாகும். சுருள்வில்லை வெட்டிச் சுருக்கி வலுவைக் கூட்டுவது தவறான வைத்தியம்.

இடக்குழலின் லென்ஸையும் வலக்குழலின் லென்ஸையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அடியில் உள்ள மெல்லிய தகடுகள் உட்பட ஒவ்வொன்றும் அதனதன் பக்கத்துக்கென்று பொருத்தப்பட்டவை. கழற்றிய உடனே "இ", "வ" என்று எழுதிய தனித்தனி டப்பாக்களில் போடுங்கள்.

படம் இரண்டாகத் தெரிகிறது, அல்லது தலைவலி வருகிறது

கண்களை மூடித் திறந்த கணத்தில் படம் இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்றுசேர்ந்தால், கருவி செய்ய வேண்டிய வேலையை உங்கள் கண்கள் செய்துகொண்டிருக்கின்றன. பக்கவாட்டில் சிறிது விலகினால் கண்கள் ஈடுகொடுக்கும். மேலும் கீழுமாக விலகினால் சற்றும் தாங்காது. தலைவலி அங்கிருந்துதான் வருகிறது.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சிறு புள்ளி வைத்து, ஜூமை மேல் எல்லையில் நிறுத்தி, வலக்கண்ணின் வட்டத்துக்கு நடுவில் புள்ளி வரும்படி தாளை நகர்த்துங்கள். இடக்கண்ணில் அது எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு மெதுவாக ஜூமைக் குறைத்துக்கொண்டே இரு கண்களிலும் புள்ளியைப் பின்தொடருங்கள். இரு கண்களுக்கும் இடையிலான விலகல் எல்லா ஜூமிலும் ஒரே அளவில் இருந்தால் அது ஜூமுக்கு மேலே பிறக்கிறது, முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது. உருப்பெருக்கத்தின் விகிதத்தில் விலகலும் பெருகினால் அது ஜூமுக்குக் கீழே பிறக்கிறது; பொருளருகு லென்ஸ் தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. ஒழுங்கில்லாமல் அலைந்து, எங்கோ விலகி, மறுபடி சேர்ந்தால்தான் அது ஜூம் தொகுதியின் வேலை: தண்டு வளைந்திருக்கலாம், தொகுதி தண்டின்மேல் சாய்ந்திருக்கலாம்.

மூன்றில் பொருளருகு லென்ஸைக் கழற்றித் துடைத்து மீண்டும் நேராகப் பொருத்துவது எளிது. தண்டைக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த தண்டை நிமிர்த்த முயல்வதைவிட அதே விட்டத்தில் புதிதாக ஒன்று போடுவது நல்லது. முப்பட்டகம் என்றால் ஒளியியல் சீரமைப்புக்கு உரிய கருவிகள் உள்ளவரிடம் கொடுப்பதே அறிவு.

குமிழ் தானாக நகர்கிறது

கிரீஸ் மாற்றிய பிறகு வரும் பழுது இது. எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டதால் சுருள்வில்லை எதிர்த்து நிற்க உராய்வு மிச்சமில்லை. குமிழின் தண்டில் மட்டும் தணிப்புக் கிரீஸைப் பூசுங்கள். உராய்வு வாஷர் இருந்த இடத்தில் அது திரும்பப் போடப்பட்டதா என்று பழைய புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

படம் வெளுத்துத் தெரிகிறது

ஐபீஸைக் கழற்றிவிட்டு, கீழிருந்து டார்ச் அடித்து, ஜூமை ஓட்டிக்கொண்டே குழலுக்குள் பாருங்கள். ஜூமோடு நகரும் படலம் லென்ஸ் தொகுதியின் மேல் இருக்கிறது. கிரீஸின் ஆவி படிந்ததானால் சீரான மூடுபனி. பூஞ்சையானால் நூல் நூலாகக் கிளைவிட்டிருக்கும். கடலோர ஊர்களில் மூடிவைத்த பெட்டிக்குள் கிடந்த கருவிகளில் இது அடிக்கடி வரும். இரண்டையும் ஆல்கஹால் தொட்ட லென்ஸ் தாளால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்கலாம். பூஞ்சை பூச்சை அரித்திருந்தால் அதன் தடம் போகாது, ஆனாலும் படம் தெளிவாகும்.

ஒட்டிய இரு லென்ஸ்களுக்கு நடுவே பால்போல் வெளுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, பசை பிரிந்துவிட்டது. அப்போது அதே மாதிரியின் இன்னொரு தலையைப் பழைய விலைக்கு வாங்கி உதிரியாக்குவதே வழி. தேடும்போது ஒரு பெயரோடு நின்றுவிடாதீர்கள். பாஷ் அண்ட் லோமின் மைக்ரோஸ்கோப் பிரிவு 1987-இல் கேம்பிரிட்ஜ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்குப் போனது. அந்நிறுவனம் 1990-இல் வில்ட் லைட்ஸோடு இணைந்து லைக்காவானது. ஸ்டீரியோஜூம் 4 இந்த மூன்று பெயர்களிலும் கிடைக்கும். வாங்கிய தலையிலிருந்து ஒற்றை லென்ஸை மட்டும் உருவாதீர்கள். இரு குழல்களின் தொகுதிகளையும் அவற்றின் கேமோடு சேர்த்து முழுசாக மாற்றுங்கள், பிறகு அளவுகோலை வைத்து அட்டவணையை முதலிலிருந்து எண்ணுங்கள்.